கணிப்பொறியும் கட்சி மனப்பான்மையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நாம் மேடையேறிப் பழகியவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருப்புப் பாதை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, நாற்பது வயதைக் கடந்து நிற்கிறோம். சரக்குச் சீட்டையும் வருகைப் பதிவேட்டையும் அறிந்த அளவுக்கு இலக்கியம் அறியோம். அவ்வாறிருக்க, கணிப்பொறியைப் பற்றி நாமே பேசவேண்டும் என்று செயலாளர் கட்டளையிட்டார். காரணம் வினவினோம். "சென்ற ஆண்டு மலர்க் குழுக் கூட்டத்தில் நடந்த சண்டையில் எந்தக் கட்சியிலும் சேராதவர் நீங்கள் ஒருவரே" என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நம் இல்லத்தில் சொந்தமாகக் கணிப்பொறி இல்லை. ஆகையால் கட்சியும் இல்லை. நடுவுநிலைமை என்று அவர் கருதியது நம் வறுமையே அன்றி வேறன்று.

அந்தச் சண்டையைக் காணாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்லுகிறோம். மலர் அச்சிடும் வேலைக்கும், படிப்பகத்தில் பிள்ளைகள் பயில்வதற்கும் சங்கத்திற்கு ஒரு கணிப்பொறி வாங்குவதென்று முடிவாயிற்று. பணம் சேர்ப்பதில் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. காலனியில் உள்ள குடும்பங்கள் தத்தம் சக்திக்கு ஏற்ப மனமுவந்து கொடுத்தன. எந்தக் கணிப்பொறியை வாங்குவது என்ற வினா எழுந்தபோதுதான் வினை தொடங்கிற்று.

ஒரு சாரார், "விண்டோஸ் உள்ள பெட்டியே வேண்டும், பழுதானால் புத்தூரிலும் திருத்தித் தர ஆள் உண்டு" என்றனர். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தம்பி ஒருவர் எழுந்து, "ஆப்பிளைத் தொட்டவன் வேறொன்றைத் தொடமாட்டான்" என்றார். கல்லூரி ஆசிரியர் ஒருவர், "பொதுப்பணத்தை ஏன் வீணாக்க வேண்டும்? லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது, பழைய பெட்டியிலும் ஓடும், அதன் உள்ளமைப்பை எவரும் திறந்து பார்க்கலாம்" என்றார். இம்மூவர் கூற்றிலும் பிழை இல்லை. ஆயினும் அரை மணி நேரத்தில் பேச்சு பெட்டியை விட்டு ஆளின்மீது தாவிற்று. ஒருவர் மற்றவரைப் பகட்டுக்காரர் என்றார்; அவர் இவரைப் பட்டிக்காட்டார் என்றார். அது போதாதென்று, தமிழ் அடிப்பதற்கு எந்த விசைப்பலகை என்ற இரண்டாம் போரும் மூண்டது. நல்லவேளையாகக் கைகலப்பு நேரவில்லை. நேர்ந்திருந்தாலும், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பெயர்பெற்ற புத்தூர் நமக்கு அண்மையில் இருக்கிறது. ஆனால் முறிந்த நட்புக்குப் புத்தூரிலும் கட்டு இல்லை. அந்தக் கூட்டத்திற்குப் பின் இரண்டு குடும்பங்கள் நம் பொங்கல் விழாவுக்கும் வரவில்லை. ஒரு பெட்டிக்காக இரண்டு குடும்பங்களை இழப்பதா என்ற கவலையே இன்று நம்மைப் பேசத் தூண்டிற்று.

இப்பூசல் நம் காலனியில் பிறந்தது அன்று. சொந்தக் கணிப்பொறி என்ற பொருள் தோன்றிய நாள் முதலே அதனுடன் தோன்றியது. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனத்தின் இரண்டாம் கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டது. அன்று தொட்டு வாங்குவோர் இரு அணியாயினர். 1984 ஜனவரியில் மக்கின்டாஷ் என்ற பொறியை வெளியிட்ட ஆப்பிள் நிறுவனம், தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் காட்டிற்று. வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் அடிமைகளைப் போன்ற மாந்தரின் முன்னே ஒரு பெருந்திரை. அதில் ஒரு முகம் ஆணையிடுகிறது. ஒரு நங்கை ஓடிவந்து சம்மட்டியை வீசி அத்திரையைத் தகர்க்கிறாள். பெட்டியின் பயனைப் பற்றி அவ்விளம்பரம் ஒன்றும் விளக்கவில்லை. இதை வாங்குவோன் விடுதலை வீரன் என்ற எண்ணத்தையே விற்றது. இங்கிலாந்திலோ 1982இல் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்ற பொறியை உடைய சிறுவர்களும், அதே ஆண்டில் வந்த கமடோர் 64 என்ற பொறியை உடைய சிறுவர்களும் பள்ளி மைதானங்களில் கட்சி கட்டி வாதிட்டனர்.

இக்கட்சிப் பற்று எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1997 ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் ஆப்பிள் அன்பர்களின் கூட்டம் நடந்தது. நிறுவனம் அப்போது பெருநட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், போட்டி நிறுவனமான மைக்ரோசாப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்ய முன்வந்திருக்கிறது என்று அறிவித்தார். பில் கேட்ஸின் முகம் பெருந்திரையில் தோன்றிற்று. அவையில் பலர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். அத்தலைவரோ, நாம் வெல்வதற்கு அவர்கள் தோற்கவேண்டும் என்ற நினைப்பை விட்டுவிடவேண்டும் என்ற கருத்தில் அவர்களுக்கு எடுத்துரைக்க நேர்ந்தது. முதலாளிகள் கைகுலுக்கிக்கொண்டார்கள், பெட்டி வாங்கியவர்கள் பகை பாராட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் நாட்டுப் பழமொழி. கூத்தாடிகள் ஒன்றுபட்ட பின்னும் ஊர் இரண்டுபட்டே நிற்கும் என்பது கணிப்பொறி நமக்குக் கற்பித்த புதுமொழி.

மனிதர் ஒரு கருவியின்மீது ஏன் இத்தனை பற்றுக் கொள்ளுகின்றனர்? நம் சிற்றறிவுக்கு மூன்று காரணங்கள் தோன்றுகின்றன. முதலாவது, கொடுத்த விலை. கடன் பட்டு வாங்கிய பொருளைப் பிறர் குறை கூறினால், நம் அறிவையே குறை கூறியதாகக் கருதுகிறோம். இரண்டாவது, உறவு. நம் அண்ணன் வைத்திருப்பதும், நம் நண்பன் பழுது பார்க்க வல்லதும் நமக்கு உகந்ததாகின்றன. மூன்றாவதும் வலியதும் யாதெனில், விரல்கள் பட்ட பாடு. ஒரு கருவியைப் பழகுதற்குச் செலவிட்ட உழைப்பை எவரும் எளிதில் விட்டுக்கொடார். 1870களில் அமெரிக்கத் தட்டெழுத்துப் பொறிக்கென அமைந்த ரோமன் எழுத்துகளின் வரிசையே இன்றைய கணிப்பொறியிலும் இருக்கிறது. அந்த இரும்புக் கம்பிகள் போய்விட்டன. விரல்களின் பழக்கம் போகவில்லை.

தமிழிலும் அவ்வாறே. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவிற்குச் சென்று வாழ்ந்த முத்தையா என்னும் பெருமகனார் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் எழுத்து வரிசையை அமைத்தார். அதைப் பயின்று, லோயர், ஹையர் தேர்வுகள் எழுதி, அந்தச் சான்றிதழால் வேலை பெற்றுக் குடும்பத்தைக் காத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் சென்று, "உங்கள் வரிசை பழையது, அதை மறந்துவிடுங்கள்" என்று ஓர் இளைஞர் சொன்னால், அவர்களுக்குச் சினம் வாராதா? அது பிடிவாதம் அன்று. உழைப்பின்மீது கொண்ட மதிப்பு. இதை இளைஞர்கள் உணர்ந்தால் பாதிப் பூசல் அடங்கிவிடும்.

எனின், கருவிப்பற்று முழுதும் தீங்கற்றதோ? இங்கேதான் நம் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல விரும்புகிறோம்.

ராலே சைக்கிள் வைத்திருப்பவரும் ஹெர்க்குலிஸ் சைக்கிள் வைத்திருப்பவரும் வாதிட்டுக்கொண்டே ஒரே சாலையில் செல்லலாம். சாலை இருவருக்கும் பொது. ஆனால் சாலையே இரண்டாகிவிட்டால்? இங்கிலாந்தில் புருனெல் என்ற பொறியாளர், கிரேட் வெஸ்டர்ன் இருப்புப் பாதையை ஏழடி அகலத்தில் அமைத்தார். ஸ்டீபன்சன் வழிவந்தவர்கள் நாலடி எட்டரை அங்குல அகலத்தில் அமைத்தனர். இரு சாராரும் தத்தம் அகலமே சிறந்தது என்று போராடினர். இரண்டு பாதைகளும் சந்தித்த குளோஸ்டர் நிலையத்தில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மற்ற வண்டியில் ஏற்றவேண்டியதாயிற்று. 1846இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. ஆயினும் ஏழடிப் பாதை முழுதும் மறைய 1892ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

அத்தனை தூரம் போவானேன்? நம் காட்பாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் பாதை 1676 மில்லிமீட்டர் அகலம். விழுப்புரத்திலிருந்து வேலூர் வழியாக வந்து, சித்தூர், பாகாலா நோக்கிச் சென்ற பாதை 1000 மில்லிமீட்டர் அகலம். இரண்டும் காட்பாடியில் அருகருகே நின்றன. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஏறமுடியாது. 1992இல் நாடெங்கும் ஒரே அகலம் என்ற திட்டம் வகுக்கப்பட்டபின் அந்த மீட்டர் பாதைகளும் அகலப் பாதைகளாயின. இன்று பயணி ஒருவர், எஞ்சின் சித்தரஞ்சனில் செய்யப்பட்டதா, வாரணாசியில் செய்யப்பட்டதா என்று கேட்பதில்லை. அதில் நமக்குள் போட்டி இருந்தாலும் பாதகமில்லை. தண்டவாளத்தின் அகலம் ஒன்றாயிருந்தால் போதும். எஞ்சின் பலவாகுக, பாதை ஒன்றாகுக. நம் பேச்சின் சாரம் இவ்வளவே.

கணிப்பொறியில் தமிழுக்கு நேர்ந்த துன்பம், எஞ்சின் பலவானதால் நேர்ந்தது அன்று. பாதை பலவானதால் நேர்ந்தது. கணிப்பொறி எழுத்தறியாது, எண் ஒன்றையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்தால், அந்த எண்ணைச் சேமித்து, திரையில் அந்த வடிவத்தை வரைந்து காட்டும். முற்காலக் கணிப்பொறிகளில் ஓர் எழுத்துத் தொகுதிக்கு 256 இடங்களே இருந்தன. அவற்றின் முதற்பாதியை ரோமன் எழுத்துகளும் இலக்கங்களும் நிறுத்தக் குறிகளும் எடுத்துக்கொண்டன. தமிழுக்கு என்று எல்லோரும் ஒப்பிய இடம் எங்கும் இல்லை. ஆகவே தமிழன்பர்கள் அவரவர் இருந்த நாட்டில், அவரவர் அறிந்த வகையில் இடம் பிடித்தனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு என்ற செயலியை வளர்த்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் மயிலை என்ற எழுத்துருவை அளித்தார். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியன் என்ற செயலியை ஆக்கினார். ஈழத் தமிழரிடையே பாமினி என்ற எழுத்துரு பரவிற்று. இவர்கள் யாவரும் தமிழுக்குத் தொண்டு செய்தவர்கள். அவர்கள் உழைப்பால் அன்றோ கணிப்பொறியில் தமிழ் ஏறிற்று! ஆனால் ஒருவர் கொடுத்த எண் மற்றவர் கொடுத்த எண் அன்று. ஆதலின் ஒரு செயலியில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற குறிகள் வந்து நின்றன. நாளிதழ்களை இணையத்தில் படிக்க விரும்பியவர், இதழுக்கு ஓர் எழுத்துரு என்று இறக்கி வைக்கவேண்டியிருந்தது. குளோஸ்டர் நிலையத்து மூட்டைகளின் கதையே இங்கும் நடந்தது.

இக்குறையை அறிஞர்கள் அறியாமல் இல்லை. 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே ஆய்ந்து திஸ்கி என்ற பொதுக்குறிமுறையை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு, டாம், டாப் என்ற குறிமுறைகளையும், தமிழ் 99 என்ற விசைப்பலகையையும் ஏற்றது. ஒன்றாக்க முயன்றதில் சில காலம் பொதுமுறைகளே பலவாயின! திஸ்கிக் கட்சியாரும் டாப் கட்சியாரும் வாதிட்டனர். இதற்கிடையில் உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே அட்டவணையில் இடம் தரும் யூனிகோடு, தமிழில் ஒருங்குறி எனப்படுவது, 1991 முதலே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 அதற்கு ஆதரவு தந்த பின் அது மெல்ல மெல்லப் பரவிற்று. அதன் அமைப்பில் குறை கண்டவர்களும் உண்டு. மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் தரவில்லையே என்ற அவர்கள் வாதம் வெறும் பிடிவாதம் அன்று. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறி இயலாத இடங்களுக்கு டேஸ் 16 என்ற முறையையும் ஏற்றது. இன்று நம் கைப்பேசி எந்த நிறுவனத்தினதாயினும், அதில் வரும் தமிழ்ச் செய்தி ஒருங்குறியிலேயே வருகிறது. அகரத்தின் எண் 2949. அது ஆப்பிளிலும் 2949, விண்டோசிலும் 2949, லினக்சிலும் 2949.

ஆந்திர மண்ணில் வாழும் நமக்கு இதில் மற்றுமொரு நன்மை உண்டு. பழைய முறையில் தமிழும் தெலுங்கும் ஒரே இருக்கைக்குப் போட்டியிட்டன. எழுத்துருவை மாற்றினால் தமிழ் வரி, தெலுங்கும் ஆகாமல் தமிழும் ஆகாமல் சிதைந்தது. ஒருங்குறியில் தெலுங்கு அகரத்திற்குத் தனியே 3077 என்ற எண். வேணுகோபால சுவாமி கோயிலும் கந்த புஷ்கரிணியும் உள்ள இந்தக் கார்வேட்டிநகரத்தில் தெலுங்குப் பதங்கள் இயற்றிய சாரங்கபாணி வாழ்ந்தார். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்ததற்கு முன் இது வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த நிலம். 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அப்பால் சென்றது. நம் ஊர் இப்பால் நின்றது. இரு மொழியும் அயலகத்தார் போல் வாழும் ஊரில், நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசுகிறார்கள். ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுத அவர்களுக்கு இன்று வழி இருக்கிறது. நம் முன்னோர்க்கு அது வாய்க்கவில்லை.

விசைப்பலகைச் சண்டைக்கும் விடை இதுவே. தட்டெழுத்து வரிசையில் அடித்தாலும், உயிரை இடக்கையிலும் மெய்யை வலக்கையிலும் வைத்த தமிழ் 99 முறையில் அடித்தாலும், ரோமன் எழுத்தின் ஒலியால் அடிக்கும் அஞ்சல் முறையில் அடித்தாலும், ஒருங்குறியில் விழுகின்ற எண் ஒன்றே. வலக்கையால் கோலமிட்டாலும் இடக்கையால் கோலமிட்டாலும் கோலம் ஒன்றுதானே! எந்த விரல் எந்த விசையைத் தொட்டது என்று படிப்பவர் அறியப்போவதில்லை. 2013இல் ஐபோனில் தமிழ் விசைப்பலகை சேர்க்கப்பட்டபோது, அஞ்சல், தமிழ் 99 இரண்டையும் சேர்த்தே தந்தார்கள். அந்நிறுவனத்துக்கு வராத மனத்தாங்கல் நமக்கு ஏன்?

இனி, இவ்வாண்டு மலரில் நீங்கள் படிக்கவிருக்கும் ஒரு கட்டுரையின் வரலாற்றைச் சொல்லி முடிக்கிறோம். நம் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒரு பெரியவர், வேலூரில் தமிழ்த் தட்டெழுத்தராக வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் இவ்வூருக்கே திரும்பியவர். காலனியின் பழங்கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று கூறிவந்தார். அதை முடித்தாரா என்று எவரும் கேட்கவில்லை. அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், அவருடைய பேத்தி ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்து, "தாத்தா எழுதியது இதில் இருக்கிறதாம், மாமா, மலரில் போடமுடியுமா?" என்று கேட்டாள். விண்டோஸ் பெட்டியில் போட்டோம். ரோமன் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை தோன்றிற்று. ஆப்பிள் பெட்டியில் போட்டோம். அதே குப்பை. "உம்முடைய பெட்டியின் கோளாறு" என்று இருவரும் ஒருவரையொருவர் சாடினர். தகடு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி எல்லோரும் கலைந்தனர். அந்தப் பெண் மட்டும் கலையவில்லை.

அவள் தெலுங்கு வழியில் படிப்பவள். தமிழ் எழுத்தை நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே கற்றவள். தாத்தாவின் மேசையில் தட்டெழுத்துப் பயிற்சி அட்டை ஒன்று இருந்தது. எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்று காட்டும் படம் அது. அதைக் கணிப்பொறியின் ஆங்கில விசைகளோடு ஒப்பிட்டாள். திரையில் முதலில் நின்ற குறிகள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அட்டையில் எம் இருக்கும் இடத்தில் அகரம். கே இருக்கும் இடத்தில் மகரம். அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. எச் இருக்கும் இடத்தில் துணைக்கால். ஒவ்வொன்றாய்த் தாளில் எழுதினாள். 'அம்மா' என்று வந்தது. இரவு ஒன்பது மணிக்கு அத்தாளை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தகடு கெடவில்லை, பெட்டிகளும் கெடவில்லை. பெரியவர் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். அந்த எழுத்துரு இல்லாத பெட்டியில் அது ரோமன் குறிகளாகத் தோன்றிற்று. அவ்வளவே. பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் பொங்குதமிழ் போன்ற செயலிகள் இணையத்தில் இருப்பதை விண்டோஸ் நண்பர் அறிந்திருந்தார். 22 பக்கங்களும் நொடியில் தமிழாயின. மெய்ப்புப் பார்த்தவர் ஆப்பிள் தம்பி. "அம்மாவும் நானும் புத்தூர் நிலையத்தில் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது" என்பது முதல் வரி. அந்தப் பெண் அதை விரல் வைத்துப் படித்தாள். எழுதியவர் உயிரோடிருந்தபோது அவளால் அதைப் படிக்க இயலாது. படிக்க இயன்றபோது அவர் இல்லை.

அக்கட்டுரையில் எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் யாருக்குக் கடன் கொடுத்து உதவினார் என்பனவெல்லாம் இருக்கின்றன. ஒரு பகுதி நம்மைத் திடுக்கிட வைத்தது. வானொலிப் பெட்டி அரிதாயிருந்த காலத்தில், படிப்பகத்திற்கு மர்ஃபி வாங்குவதா, பிலிப்ஸ் வாங்குவதா என்று அன்றைய உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்தார்களாம். பெரியவரும் அவருடைய உயிர்நண்பரும் எதிரெதிர்க் கட்சி. இரண்டு ஆண்டுகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த நண்பரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற அன்றுதான் மறுபடி பேசினார்களாம். எந்தப் பெட்டியைக் கடைசியில் வாங்கினோம் என்பது தமக்கு நினைவில்லை என்றும், பேசாதிருந்த இரண்டு ஆண்டுகள் மட்டும் நினைவில் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறார்.

அன்பர்களே! இதற்குமேல் நாம் விளக்கவேண்டியது என்ன இருக்கிறது? உங்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். எந்த நிறுவனத்தின் பெட்டியை வேண்டுமாயினும் வாங்குங்கள். அவரவர் பையையும் வேலையையும் பொறுத்தது அது. ஆனால் எழுதுவதை ஒருங்குறியில் எழுதுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் எந்தப் பெட்டியை வைத்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாவதாக, வீட்டில் பழைய தகடுகள், பழைய கோப்புகள் இருப்பின் குப்பை என்று எறியாமல் சங்கத்திற்குக் கொண்டுவாருங்கள். எழுதியவர்கள் உயிரோடிருக்கும்போதே கொண்டுவாருங்கள். மூன்றாவதாக, நம் பிள்ளைகள் கைப்பேசியில் தமிழை ரோமன் எழுத்தில் எழுதிப் பழகுகிறார்கள். அவர்கள் வரும் ஞாயிறு முதல் படிப்பகத்தில் தமிழ் எழுத்திலேயே அடிக்கப் பழகட்டும். எந்த விசைப்பலகை என்று நாம் கேட்கமாட்டோம்.

சங்கம் இறுதியில் எந்தக் கணிப்பொறியை வாங்கிற்று என்பதை இம்மேடையில் சொல்லப்போவதில்லை. படிப்பகத்திற்குச் சென்று பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வாராத இரு குடும்பங்களில் ஒரு குடும்பத்தினர் இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கக் காண்கிறோம், மகிழ்கிறோம். மற்றொரு குடும்பத்தினர் வரவில்லை. விழா முடிந்ததும் மலரின் ஒரு படியை எடுத்துக்கொண்டு, பெரியவரின் பேத்தியையும் அழைத்துக்கொண்டு, அவர்கள் இல்லத்திற்குச் செல்லவிருக்கிறோம். உடன் வர விரும்புவோர் வரலாம். கட்சி வேறுபாடு இல்லை.